உஷார்! பெட்டி புதுசு, உள்ளே இன்ஜின் பொடி

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொம்மிடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். தெரிந்த பையன் ஒருவன் மூச்சு வாங்க ஓடி வந்து செல்போனை நீட்டினான்.

"அண்ணா, இதைப் பாருங்க. கம்பெனியே இப்ப பண்றதில்லையாம். பெட்டியோட இருக்கு. 14,000 ரூபா. இன்னிக்கு ராத்திரிக்குள்ள பாதிப் பணம் போட்டா நமக்குன்னு எடுத்து வைக்கிறேன்னு சொல்றார்."

படத்தில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பச்சை நீராவி இன்ஜின். வண்ணத்தில் கீறல் இல்லை. பித்தளை நிறக் கோடுகள் மின்னின. யாருக்கும் கை துறுதுறுக்கும்.

"ஓடற வீடியோ கேட்டியா தம்பி?"

"கேட்டேண்ணா. அவர்கிட்ட டிராக் இல்லையாம்."

"அடிப்பக்கப் படம்?"

"அது எதுக்குண்ணா?"

"பணம் போட்டுட்டியா?"

"இன்னும் இல்லண்ணா."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அன்று இருட்டும்வரை அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். உற்பத்தி நின்றுபோன மாடல் ரயில் இன்ஜினை "நல்ல கண்டிஷன்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பி வாங்கப் போகிறவர்கள், தயவுசெய்து இதைக் கடைசிவரை படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த ஆசை வருவது இயற்கை. ஜோலார்பேட்டை–சேலம் பாதை 1860-களின் தொடக்கத்தில் வந்தது. அந்தப் பாதையின் சத்தத்திலேயே வளர்ந்த ஊர் இது. இங்கிருந்து சேலம் பக்கம் போனால் லோக்கூர், டேனிஷ்பேட்டை என்று சேர்வராயன் மலையடி ஏற்றம். அந்த ஏற்றத்தில் டீசல் இன்ஜின் முக்கி முனகி இழுத்த சத்தம் என் வயதுக்காரர்கள் காதில் இன்னும் இருக்கிறது. அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்து, 1962-ல் கப்பலில் வந்து இறங்கி, 1964 முதல் வாரணாசியில் நாமே செய்த டபிள்யூ.டி.எம்.-2 அது. இன்று அந்த வகையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பக்கத்து மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு குட்டி ரயிலும் ஓடியது. 1906-ல் திறந்த, 762 மில்லிமீட்டர் அகலக் குறும்பாதை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதன் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். நேரில் பார்க்கக் கொடுத்து வைக்காத அந்த ரயிலை மேசைமேலாவது ஓடவிட வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. அந்த ஆசைதான் என் கண்ணைக் கட்டியது.

சில வருஷங்களுக்கு முன்பு நானும் இப்படிப் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினேன். பார்சல் வந்தது. பெட்டி அருமை, மேல்கூடு அருமை. தண்டவாளத்தில் வைத்தேன், சக்கரம் அசையவில்லை. கவிழ்த்துப் பார்த்தால் அடிச்சட்டம் முழுக்க மயிரிழை விரிசல். கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன், ஒரு மூலை காய்ந்த களிமண் மாதிரி உதிர்ந்து மேசையில் கொட்டியது. விற்றவருக்குப் போன் செய்தேன். "நான் அனுப்பும்போது நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்றார். அதோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

போச்சம்பள்ளிச் சந்தையில் மாடு பிடிக்கிறவர் தோலின் மினுமினுப்பைப் பார்த்துத் துண்டுக்குள் விரல் பிடிப்பாரா? வாயைத் திறந்து பல் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு எட்டு நடத்திப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் விலைப் பேச்சு. இன்ஜினுக்கும் அதேதான் நியாயம். அடிப்பக்கத்தைப் பார்க்காமல், ஓடுவதைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

உஷார் 1: உள்ளிருந்தே அரிக்கும் உலோக நோய்

மாடல் இன்ஜின்களின் அடிச்சட்டத்தைப் பெரும்பாலும் மசாக் என்ற துத்தநாகக் கலவையில் வார்க்கிறார்கள். துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம், சிறிதளவு மக்னீசியம், செம்பு சேரும். இந்தக் கலவை சுத்தமாக இருந்தால் பல தலைமுறை தாங்கும். வார்க்கும்போது ஈயம் போன்ற கசடு துளி கலந்துவிட்டால் போதும், உலோகத்தின் மணிகளுக்கு நடுவே அரிப்பு தொடங்கிவிடும். உலோகம் ஊதும், வளையும், விரியும், கடைசியில் பொடியாகும். இதை மசாக் அழுகல் என்பார்கள்.

வெளியே தெரியாமல் உள்ளே நடப்பதுதான் இதன் பயங்கரம். மேலே இருக்கும் பிளாஸ்டிக் கூடு பளபளவென்று இருக்கும். படத்தில் எந்தக் குறையும் தெரியாது. இதற்கு மருந்தும் கிடையாது. பசை போட்டாலும், வண்ணம் பூசினாலும், எண்ணெய் விட்டாலும் நிற்காது. அடிச்சட்டத்தையே மாற்ற வேண்டும். கம்பெனி உற்பத்தியை நிறுத்திவிட்ட மாடலுக்கு மாற்றுச் சட்டத்துக்கு எங்கே போவீர்கள்?

1930-களின் பழைய மாடல்களுக்குத்தான் இந்த நோய் என்று நினைத்து ஏமாறாதீர்கள். 2000-களின் நடுவில் வந்த, பிரிட்டனின் ஹார்ன்பி கம்பெனியின் 'கிளாஸ் 31' டீசல் இன்ஜினின் சட்டம் இப்படி அழுகுவது சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். "பெட்டியே பிரிக்காதது" என்றாலும் தப்பாது. வார்த்த அன்றே உள்ளே போன கசடு, பெட்டியைப் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும்.

என்ன அடையாளம்? சட்டத்தில் மயிரிழை விரிசல். சாம்பல் நிறக் கொப்புளம். பெட்டியின் மூலையில் சாம்பல் பொடி. இன்ஜினின் இரண்டு முனையும் மேலே தூக்கி, வாழைப்பழம் மாதிரி வளைவு. கூடும் சட்டமும் சரியாகப் பொருந்தாமல் இடைவெளி. வளைவைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. அடிச்சட்டத்தின் மேல் நேரான ஸ்கேல் ஒன்றை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வளைவு இருந்தால் ஸ்கேல் காட்டிக் கொடுத்துவிடும். நேர்மையாக விற்கிறவர் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார். சாக்குச் சொல்கிறவரை விட்டு விலகிவிடுங்கள்.

உஷார் 2: "லேசாச் சத்தம் வரும், மத்தபடி ஓடும்"

இந்த வாக்கியத்தைக் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் ஒரு 'டக்' கேட்டால், அச்சில் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் பிளந்துவிட்டது என்று அர்த்தம். பிளாஸ்டிக் வயதாக வயதாகச் சுருங்கும், உலோக அச்சு சுருங்காது. அதனால் பல்சக்கரம் வெடித்து வாய் பிளக்கும். அமெரிக்க லைஃப்-லைக் கம்பெனியின் புரோட்டோ 2000 வரிசை இன்ஜின்களில் இது ஊரறிந்த குறை. மெயின்லைன் என்ற பிரிட்டிஷ் பிராண்டின் மாடல்களில் அச்சே இரண்டு துண்டு, நடுவில் பிளாஸ்டிக் இணைப்பு. அந்த இணைப்பு உடைந்தால் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துச் சுழலாது, இன்ஜின் நொண்டும்.

அடுத்தது ரப்பர் டயர். இழுவைக்காகச் சில சக்கரங்களில் மெல்லிய ரப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள். பல வருஷம் கிடந்தால் அது கல்லாக இறுகும், இல்லையென்றால் கோந்து மாதிரி உருகித் தண்டவாளமெல்லாம் ஒட்டும். பழைய கிரீஸும் அப்படித்தான், மெழுகாக இறுகிப் பல்சக்கரத்தைப் பூட்டிவிடும். இந்த இரண்டும் சரி செய்யக்கூடியவை, ஆனால் அதற்கேற்ப விலை குறைய வேண்டும்.

"மோட்டாரை முழுசாப் பிரிச்சு சுத்தம் பண்ணியிருக்கேன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அங்கேயும் உஷார்! பிரிட்டனின் ட்ரை-ஆங் கம்பெனி காலத்து எக்ஸ்-04 போன்ற திறந்த மோட்டார்களில் காந்தத்தை வெளியே எடுக்கும்போது இரும்புத் துண்டு ஒன்றை அணைத்து வைக்காவிட்டால் காந்தத்தின் பலம் குறைந்துவிடும். பலம் குறைந்த மோட்டார் கூடுதல் மின்சாரம் குடிக்கும், சூடேறும், இழுக்காது. அதனால் 10 வினாடி வீடியோ போதாது. 5 நிமிடம் தொடர்ந்து, முன்னும் பின்னும், வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மெதுவான ஓட்டத்தில்தான் குறை வெளியே வரும்.

இத்தாலியின் லிமா கம்பெனி 2004-ல் மூழ்கியது. அதன் சொத்தை ஹார்ன்பி வாங்கியது. லிமாவின் பழைய வட்டத்தட்டு மோட்டார் கெட்டுப்போனால், சிடி பிளேயரிலிருந்து கழற்றிய மோட்டாரைப் பொருத்திவிடும் பழக்கம் பரவலாக உண்டு. நன்றாகவே ஓடும், தவறில்லை. ஆனால் அதை "அசல் நிலை" என்று சொல்லி அசல் விலை கேட்டால் அது ஏமாற்று. கூட்டைக் கழற்றி மோட்டாரைக் காட்டச் சொல்லுங்கள்.

உஷார் 3: அகலம் ஒன்று, அளவு வேறு

புதிதாக வருகிறவர்கள் அதிகமாக விழும் குழி இது. "16.5 மில்லிமீட்டர் தண்டவாளம்" என்று போட்டிருப்பார்கள். அதன்மேல் 1:87 அளவுள்ள (அசலில் 87-ல் ஒரு பங்கு) ஹெச்.ஓ. ஓடும். 1:76 அளவுள்ள பிரிட்டிஷ் டபுள்-ஓ ஓடும். இரண்டு மடங்கு பருமனான குறும்பாதை மாடல்கூட ஓடும். மூன்றையும் ஒரே ரயிலில் கோத்தால் யானைக்குப் பின்னால் ஆட்டைக் கட்டிய மாதிரி இருக்கும். 9 மில்லிமீட்டரிலும் அதே கதை. 1:160 அளவுள்ள என்-ஸ்கேல் பெரிய ரயிலும் அதில்தான் ஓடும், 1:87 அளவுள்ள குறும்பாதைக் குட்டி ரயிலும் அதில்தான் ஓடும்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. அதனால் 16.5 தண்டவாளத்தில் நிற்கும் எந்த "இந்திய" ஹெச்.ஓ. இன்ஜினும் கீழே குறுகித்தான் இருக்கும். மொரப்பூர்–தர்மபுரிக் குறும்பாதையின் 762-ஐ 87-ஆல் வகுத்துப் பாருங்கள், 8.76. கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர்! நம் மாவட்டம் இழந்த ரயிலை அளவு பிசகாமல் மேசைமேல் கொண்டுவர முடியும். இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆகவே "எத்தனை மில்லிமீட்டர்?" என்பதோடு நிறுத்தாமல் "எந்த அளவு?" என்றும் கேளுங்கள்.

இன்னொரு குழி மூன்று தண்டவாளம். ஹார்ன்பி டப்லோ 1938-ல் வந்தபோது நடுவில் மூன்றாவது தண்டவாளத்தோடு வந்தது. 1959-ல்தான் இரண்டு தண்டவாள வகை தொடங்கியது. ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனியின் ஹெச்.ஓ. வகை இன்றுவரை நடுவில் மின்சாரம் எடுக்கும் முறைதான். அந்த இன்ஜின்களின் இடது வலது சக்கரங்களுக்கு நடுவே மின்காப்பு கிடையாது. சாதாரண இரண்டு தண்டவாளத்தில் வைத்த கணமே ஷார்ட் ஆகும். அடிப்பக்கத்தில் நீளமான சறுக்குப் பட்டையோ கரண்டி மாதிரித் தகடோ தொங்கினால் அது மூன்று தண்டவாள இன்ஜின் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

உஷார் 4: பிளக்கில் செருகும் முன்

இதில் போவது பணம் மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து. இன்ஜினோடு "கன்ட்ரோலர் இலவசம்" என்பார்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்கப் பெட்டியில் வரும் பவர்பேக் 120 வோல்ட்டுக்குச் செய்தது. ஜப்பானின் கேட்டோ, டோமிக்ஸ் உள்நாட்டுப் பெட்டியில் வருவது 100 வோல்ட்டுக்கு. பின்னை மாற்றி நம் சுவரில் செருகினால் புகையும், தீயும் பிடிக்கலாம். பிரிட்டனில் வோல்ட் பொருந்தும். ஆனால் 1950, 60-களின் டிரான்ஸ்பார்மர்களில் ஒயரின் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். கை பட்டால் ஷாக். பழைய கன்ட்ரோலரைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவதற்கு பி.ஐ.எஸ். பதிவு பெற்ற 12 வோல்ட் டிசி அடாப்டரும் வேகக் கட்டுப்பாடும் போதும்.

சாதாரண மாடல்கள் 12 வோல்ட் டிசியில் ஓடும். மார்க்லின் பழைய முறை 16 வோல்ட் ஏசி. ஏசி பெட்டியில் டிசி இன்ஜினை மாட்டினால் மோட்டார் கருகிவிடும். டிஜிட்டல் முறையில் ஓடும் இன்ஜினுக்குள் டிகோடர் என்ற சில்லு இருக்கும். சாதாரண டிசியில் சில அசையவே அசையாது. "கெட்டுப்போனது" என்று நினைத்துக் குறைந்த விலைக்கு விற்பவர்களும் உண்டு, "டிஜிட்டல்" என்று சொல்லி டிகோடர் செருகும் வெறும் சாக்கெட்டை மட்டும் விற்பவர்களும் உண்டு. 'டிகோடர் பொருத்தியது' என்பதும் 'பொருத்த வசதி உள்ளது' என்பதும் ஒன்றல்ல. கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

உஷார் 5: பெட்டியும் வண்ணமும் பொய் சொல்லும்

சேகரிப்பு உலகில் அசல் பெட்டிக்குத் தனி விலை. அதனால் பெட்டியை நகலெடுத்து அச்சடிக்கிறார்கள். ஒரு இன்ஜினின் பெட்டியில் வேறு இன்ஜினை வைத்தும் விற்கிறார்கள். பெட்டி முனையில் இருக்கும் கம்பெனி எண்ணையும் இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் வண்டி எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டையும் ஒரே படத்தில் கேளுங்கள்.

மறுவண்ணம் பூசியதை அடையாளம் காண மூன்று இடம் பாருங்கள்: திருகின் பள்ளம், கைப்பிடிக் கம்பி கூட்டுக்குள் நுழையும் துளை, கூட்டின் உட்புறம். தூரிகைத் தடமோ வேறு நிறமோ அங்கே தெரியும். வெளிநாட்டு இன்ஜினுக்கு நம் ரயில்வே நிறம் அடித்து "அரிய இந்திய மாடல்" என்று விற்பவரிடம், எந்தக் கம்பெனி, எந்த எண், எந்த அளவு என்று கேளுங்கள். அழகான கைவேலை என்றால் கைவேலை விலை கொடுக்கலாம். அரிய பொருளின் விலை கொடுக்கக் கூடாது.

"கம்பெனி நிறுத்திவிட்டது, இனி கிடைக்காது" என்ற பயமுறுத்தலுக்கும் மயங்காதீர்கள். கம்பெனி நிறுத்திய பொருளெல்லாம் அரிதாகிவிடாது. ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் நீராவி இன்ஜினை ட்ரை-ஆங் ஹார்ன்பி 1968-ல் மாடலாகக் கொண்டுவந்தது. அதற்கப்புறம் எத்தனையோ வடிவில், எத்தனையோ முறை வந்துவிட்டது. ஒவ்வொரு வடிவமும் ஒருநாள் "நிறுத்தப்பட்டது"தான். நீங்கள் இரட்டை விலை கொடுத்து வாங்கிய அடுத்த மாதமே புது அச்சில் அதே இன்ஜின் வரலாம். அதே மாடல் கடைசியாக உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று குறைந்தது மூன்று இடத்தில் பாருங்கள். என்ன விலையும் யாரும் கேட்கலாம், கொடுத்து வாங்கிய விலைதான் விலை.

உஷார் 6: கப்பல் ஏறி வரும் பார்சல்

நம் நாட்டில் இந்தப் பொருள் குறைவு. அதனால் கை வெளிநாட்டுக்கு நீளும். அங்கேதான் பலர் கணக்குத் தப்புகிறார்கள். சுங்கப் பட்டியலில் அளவு குறைத்துச் செய்த மாடல்கள் பொம்மைகளோடு 9503 என்ற தலைப்பில் வருகின்றன. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரியை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-ல் 70-க்கும் உயர்த்தினார்கள். அதன்மேல் ஜிஎஸ்டி. பொருள் விலை மட்டுமல்ல, தபால் செலவும் சேர்ந்துதான் வரிக்கணக்கு. பணம் அனுப்பும் நாளில் நடப்பு விகிதத்தைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

"கிஃப்ட் என்று எழுதி அனுப்புகிறேன், வரி வராது" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். 5,000 ரூபாய் வரை பரிசுக்கு இருந்த சலுகையை 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். ராக்கிக்கும் உயிர் காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விட்டுவைத்தார்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த ஆணை 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுப் பொருளுக்கானது. உங்கள் பார்சல் பெரியவர்களுக்கான சேகரிப்பு மாடல் என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழும். இன்னொன்று மிக முக்கியம். நம் வெளிநாட்டு வணிகக் கொள்கையில், இயந்திரம் போன்ற மூலதனப் பொருள் அல்லாத பழைய பொருள்களின் இறக்குமதி "கட்டுப்படுத்தப்பட்ட" வகை. அதற்கு அனுமதி வேண்டும். பழைய இன்ஜினை "புதியது" என்று பொய் எழுதி அனுப்பச் சொல்லிவிட்டுப் பிடிபட்டால் பொருளும் போகும், அபராதமும் வரும்.

லண்டனிலோ சிங்கப்பூரிலோ சொந்தக்காரர் இருந்தால், அவர் பொருளை நேரில் பார்த்து, ஓட்டிப் பார்த்து, ஊருக்கு வரும்போது பயணச் சுமை விதிகளுக்குள் கையோடு கொண்டுவருவது நல்லது. வரம்பைத் தாண்டினால் விமான நிலையத்தில் அறிவித்து வரி கட்டச் சொல்லுங்கள். நேர்மையான வழிதான் நிம்மதியான வழி.

உஷார் 7: இன்ஜினே இல்லாத விற்பனை

எல்லாவற்றையும்விட மோசமானது இது. படம் ஒருவருடையது, பணம் இன்னொருவருக்கு, இன்ஜின் எங்கேயும் இல்லை! இதைப் பிடிக்க ஒரு வழி: இன்றைய தேதியையும் உங்கள் பெயரையும் ஒரு தாளில் எழுதி, இன்ஜின் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்கள். அதைவிட நல்லது வீடியோ அழைப்பு. "இன்னொருத்தர் காத்துக்கிட்டிருக்கார், அரை மணி நேரம்தான்" என்று அவசரப்படுத்தினால் அந்த இன்னொருவருக்கே போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

யுபிஐ-யில் பின் எண் கேட்பது பணம் அனுப்பும்போது. பணம் திரும்பி வருவதற்குப் பின் எண் தேவையே இல்லை. "ரீஃபண்ட் போடறேன், இந்தக் கோரிக்கையை ஏத்துக்கிட்டுப் பின் போடுங்க" என்றால் அது திருட்டு.

பணம் கட்டிய சில நாளில் ஒரு போன் வரும். "கஸ்டம்ஸ் ஆபீசிலிருந்து பேசுகிறோம், உங்கள் பார்சலில் சட்டவிரோதப் பொருள் இருக்கிறது, உடனே இந்தக் கணக்கில் பணம் போடுங்கள், இல்லாவிட்டால் கைது" என்பார்கள். வீடியோவில் சீருடையும் காட்டுவார்கள். நடுங்கிப் போய்ப் பணம் போட்டுவிடாதீர்கள். சுங்கத்துறை யாருடைய தனிக் கணக்குக்கும் பணம் போடச் சொல்லாது. அதன் கடிதங்களில் 2019 நவம்பர் முதல் டின் என்ற ஆவண அடையாள எண் இருக்கும். துறையின் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். போனிலேயே கைது செய்யும் சட்டம் இந்த நாட்டில் கிடையாது.

பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

ஒன்று, அடிப்பக்கப் படம், ஸ்கேலோடு. இரண்டு, கூட்டைக் கழற்றிய படம், மோட்டாரும் பல்சக்கரமும் தெரிய. மூன்று, பெட்டி எண்ணும் வண்டி எண்ணும் ஒரே படத்தில். நான்கு, 5 நிமிட ஓட்ட வீடியோ, சத்தத்தோடு, மேலே பாட்டு ஒட்டாமல். ஐந்து, தேதித் தாளோடு படம். ஆறு, எந்த அளவு, எந்த மின்சாரம், எத்தனை தண்டவாளம் என்று எழுத்தில் பதில். ஏழு, சொன்னதற்கு மாறாக இருந்தால் திருப்பி எடுப்பேன் என்று எழுத்தில் வாக்கு.

"என்கிட்ட டிராக் இல்ல" என்பதும் சாக்குத்தான். டிகோடர் இல்லாத, இரண்டு தண்டவாள வகைச் சாதாரண டிசி இன்ஜினைச் சோதிக்கத் தண்டவாளமே வேண்டாம். பெட்டிக்கடையில் கிடைக்கும் 9 வோல்ட் பேட்டரியில் இரண்டு ஒயரை வைத்து, இடது சக்கரத்தில் ஒன்றும் வலது சக்கரத்தில் ஒன்றும் தொட்டால் மோட்டார் சுழலும். அதைக்கூடச் செய்ய மறுக்கிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று நன்றாகவே தெரியும்.

பக்கத்தில் இருக்கிற விற்பனையாளர் என்றால் நேரில் போங்கள். நல்ல மாடல் எப்படி ஓடும் என்று கண்ணால் பார்க்காதவர்கள், புனே போனால் கோத்ரூட்டில் இருக்கும் ஜோஷி சிற்றளவு ரயில்வே அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பி.எஸ். ஜோஷி தன் வாழ்நாள் உழைப்பில் உருவாக்கி 1998-ல் திறந்தது. சரியாகப் பராமரித்த இன்ஜின் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு அமைதியாக ஓடும் என்று ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் யாராலும் உங்களை ஏமாற்ற முடியாது.

வந்த பிறகும் உஷார்

பார்சலை ஒட்டு பிரிக்கும் முன்பே வீடியோவைத் தொடங்குங்கள். வெட்டாத ஒரே வீடியோவாக, சோதனை ஓட்டம் வரை எடுங்கள். அனுப்பும்போது பபுள் ரேப் நேரடியாக வண்ணத்தின்மேல் படக் கூடாது, வட்ட வட்டமாகத் தழும்பு விழும். முதலில் மெல்லிய காகிதம், அப்புறம் பபுள் ரேப் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சித்திரை வெயிலில் சீமை ஓட்டுக்கும் தகரத்துக்கும் கீழே இருக்கும் பரணில் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் மசாக் அழுகலைத் துரிதமாக்கும், ரப்பரை உருக்கும். பழைய பெட்டியில் இருக்கும் ஸ்பாஞ்ச் இளகி வண்ணத்தில் ஒட்டும், அதை எடுத்துவிடுங்கள். காற்றோட்டமான அறை அலமாரி போதும். மாதம் ஒருமுறை சில நிமிடம் ஓட்டுங்கள். பழங்காலத் தகர இன்ஜின்களின் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். சின்னக் குழந்தைகள் வாயில் வைக்கக் கொடுக்கவே கூடாது.

ஏமாந்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே, அந்த மணி நேரத்திலேயே, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. கடையாக நடத்துகிறவர் குறையுள்ள பொருளைத் தந்து திருப்பி எடுக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. உரையாடல், படம், ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

அந்தப் பையன் அன்று ராத்திரியே விற்பவரிடம் அடிப்பக்கப் படம் கேட்டான், ஸ்கேல் வைத்து. இன்றுவரை படம் வரவில்லை. அவன் 7,000 ரூபாய் அவன் கணக்கிலேயே பத்திரமாக இருக்கிறது.

இந்தக் கலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஆசை நியாயமானது, உங்கள் பணம் உழைத்துச் சேர்த்தது. இரண்டையும் காப்பாற்ற ஒரே விதிதான்: கவிழ்த்துப் பார், ஓட்டிப் பார், அப்புறம் காசு கொடு. இதை இன்றே உங்கள் வட்டத்தில் இருக்கும் ரயில் பிரியர்கள் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.